இயேசுவின் பிறப்பும் உடம்பும்: ஆதிக் கிறிஸ்தவர்கள் சொன்ன வேறு பதில்கள்

ஞாயிறு ஆராதனையில் விசுவாசப் பிரமாணத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். "கன்னிமரியாளிடத்தில் உற்பவித்துப் பிறந்தார்" என்று சொன்ன கையோடு "பொந்தியுபிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு, சிலுவையில் அறையுண்டு, மரித்து" என்று போய்விடும். நடுவில் ஒரு பிரசங்கம் கிடையாது, ஓர் அற்புதம் கிடையாது. பிறந்தார், பாடுபட்டார், அவ்வளவுதான். சின்ன வயதில் எனக்கு இது புதிராக இருந்தது. முதல் முந்நூறு வருஷத்துச் சண்டைகளைப் படித்த பிறகு ஓரளவு விளங்கியது. இயேசு நல்ல போதகரா என்று அன்று கிறிஸ்தவர்களுக்குள் யாரும் சண்டை போடவில்லை. அவருக்கு உடம்பு இருந்ததா, அது எங்கிருந்து வந்தது, அதற்கு வலித்ததா என்றுதான் போட்டார்கள். பிறப்பும் சாவும்தான் உடம்புக்குச் சாட்சி. இதைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கன்னிப் பிறப்பைப் புதிய ஏற்பாட்டின் எல்லா நூல்களும் சொல்கின்றனவா?

இல்லை. மத்தேயுவும் லூக்காவும் மட்டும் சொல்கிறார்கள். அவர்களுக்கு முன்பே, 50களில் கடிதம் எழுதிய பவுல், "ஸ்திரீயினிடத்திற் பிறந்தவர்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். ரோமருக்கு எழுதும்போது "மாம்சத்தின்படி தாவீதின் சந்ததியில் பிறந்தவர்" என்கிறார். கன்னி என்ற பேச்சே இல்லை. 70ஐ ஒட்டி எழுதப்பட்டதாகப் பெரும்பாலான அறிஞர்கள் கருதும் மாற்கு சுவிசேஷத்தில் பெத்லகேமும் இல்லை, மேய்ப்பரும் இல்லை. வளர்ந்த ஆளாக யோர்தானுக்கு வந்து நிற்கிறார் இயேசு. யோவான் சுவிசேஷம் "அந்த வார்த்தை மாம்சமாகி" என்று வானத்திலிருந்து தொடங்குகிறது. ஆனால் எப்படி மாம்சமானது என்று விவரிக்கவில்லை.

சொல்லவில்லை என்பதால் மறுத்தார்கள் என்று ஆகாது. ஆனால் மாற்கு மட்டுமே கையில் இருந்த ஓர் ஊர்ச் சபை வேறு முடிவுக்கு வந்திருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இயேசு யோசேப்புக்கும் மரியாளுக்கும் பிறந்த பிள்ளைதான் என்று நம்பிய கிறிஸ்தவர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். அவர்களில் பெயர் பெற்றவர்கள் எபியோனியர். எபிரெயத்தில் அந்தச் சொல்லுக்கு ஏழைகள் என்று அர்த்தம். விருத்தசேதனம், ஓய்வுநாள், மோசேயின் சட்டம் எல்லாவற்றையும் கடைப்பிடித்துக்கொண்டே இயேசுவை மேசியா என்று ஏற்றவர்கள். பவுலை அவர்களுக்கு ஆகாது. 180 வாக்கில் லியோன் நகரத்து ஆயர் இரேனியஸ் அவர்களைப் பற்றி எழுதுகிறார். ஒருசிலர், எபியோன் என்று ஒருவன் இந்தக் கூட்டத்தை ஆரம்பித்தான் என்றும் எழுதி வைத்தார்கள். அப்படி ஒரு ஆளே கிடையாது. பெயருக்கு ஏற்ப ஒரு தலைவனை உண்டாக்கிவிட்டார்கள்.

எபியோனியர் எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கவும் இல்லை. அவர்களில் கன்னிப் பிறப்பை ஏற்றவர்கள், ஏற்காதவர்கள் என்று இரண்டு வகை உண்டு என்று மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஒரிஜென் எழுதுகிறார்.

அவர்கள் வைத்திருந்த சுவிசேஷம் முழுதாகக் கிடைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் சைப்ரசில் ஆயராக இருந்த எப்பிபானியஸ், அதைத் திட்டுவதற்காக எடுத்து எழுதிய சில வரிகள் மட்டும் மிச்சம். அதில் பிறப்புக் கதை இல்லை. எனக்குப் பிடித்த இடம் யோவான் ஸ்நானகனின் சாப்பாடு. நம் வேதாகமத்தில் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் என்று படிக்கிறோம். இவர்கள் சுவிசேஷத்தில் வெட்டுக்கிளி இல்லை. தேனுக்கு எண்ணெயில் சுட்ட பணியாரத்தின் ருசி இருந்தது என்று வருகிறது. கிரேக்கத்தில் வெட்டுக்கிளி 'அக்ரிஸ்', பணியாரம் 'என்க்ரிஸ்'. ஓரெழுத்தைக் கூட்டி, ஒன்றைக் கொஞ்சம் மாற்றி, யோவானைச் சைவமாக்கிவிட்டார்கள்! அவர்கள் இறைச்சி சாப்பிடாதவர்கள். எப்பிபானியஸுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

ஏசாயா தீர்க்கதரிசி கன்னி என்று எழுதியிருக்கிறாரே, அதற்கு என்ன சொன்னார்கள்?

எபிரெய மூலத்தில் இருக்கும் சொல் 'அல்மா'. இளம்பெண் என்று பொருள். அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'பார்த்தெனோஸ்' என்று போட்டார்கள், அது கன்னி. மத்தேயு எடுத்தாள்வது இந்தக் கிரேக்க வடிவம். இரண்டாம் நூற்றாண்டில் யூதர்களுக்கான புதுக் கிரேக்க மொழிபெயர்ப்புகள் வந்தபோது அந்த இடத்தில் 'இளம்பெண்' என்று திருத்தினார்கள். எபியோனியர் அந்தத் திருத்தத்தைப் பின்பற்றித்தான் யோசேப்பின் மகன் என்கிறார்கள் என்று இரேனியஸ் குறைப்பட்டுக்கொள்கிறார்.

ஞானஸ்நானத்தில்தான் தேவகுமாரன் ஆனார் என்பது என்ன கொள்கை?

தத்தெடுப்புக் கொள்கை என்று சுருக்கமாகச் சொல்லலாம். இயேசு மனிதர், எல்லாரையும் விட நீதிமான். அதனால் கடவுள் அவரைத் தம் மகனாக ஏற்றுக்கொண்டார். எப்போது என்றால், பலருக்கு அது யோர்தான் கரையில் புறா இறங்கிய நேரம்.

இது வெறும் கற்பனை என்று தள்ளவும் முடியாது. லூக்கா 3:22இல் வானத்திலிருந்து வரும் குரல், "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள பெசா என்ற பழைய கையெழுத்துப்படியில் அதே இடத்தில் இரண்டாம் சங்கீதத்தின் வரி நிற்கிறது: "நீர் என்னுடைய குமாரன், இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்." அந்த 'இன்று' என்ற ஒரு சொல்லில் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது பாருங்கள். எது லூக்கா எழுதியது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

100ஐ ஒட்டி ஆசியா மைனரில் இருந்த கெரிந்து இதில் ஒரு படி மேலே போனார். இயேசு வேறு, கிறிஸ்து வேறு என்றார். யோசேப்பின் மகனான இயேசுமேல் கிறிஸ்து புறாவாக இறங்கினார், பாடுகளுக்கு முன்னால் பறந்துபோய்விட்டார், சிலுவையில் தொங்கியது வெறும் இயேசு. எபேசுவில் குளியல் கூடத்துக்குள் கெரிந்து இருப்பதைப் பார்த்த யோவான், கூரை இடிந்து விழுந்தாலும் விழும் என்று குளிக்காமலேயே வெளியே ஓடியதாக இரேனியஸ் ஒரு கதை சொல்கிறார். நடந்ததோ இல்லையோ, அந்தக் காலத்து வெறுப்பு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இது போதும்.

அப்புறம் பைசாந்தியத்துத் தியோதொத்து. தோல் வேலை செய்பவர், 190 வாக்கில் ரோமாபுரிக்கு வந்தவர். இவர் கன்னிப் பிறப்பை ஒத்துக்கொண்டார்! கன்னியிடம் பிறந்தாலும் மனிதர் மனிதரே என்பது அவர் வாதம். கன்னிப் பிறப்பை நம்பினாலே தெய்வத்தன்மையையும் நம்பியாக வேண்டும் என்று நாம் சுலபமாக எடுத்துக்கொள்கிறோம். அன்று அவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். ரோமாபுரி ஆயர் விக்டர் அவரைச் சபையை விட்டு நீக்கினார்.

இந்த வரிசையில் கடைசிப் பெரிய ஆள் சமோசாத்தா பவுல். அந்தியோகியாவின் ஆயர். 268இல் ஆயர்கள் கூடி அவரைப் பதவிநீக்கம் செய்தார்கள். மனுஷன் சபை வீட்டைக் காலி செய்ய மறுத்துவிட்டார். வழக்கு பேரரசர் அவுரேலியன் வரை போனது. அவர் கிறிஸ்தவரே இல்லை. இத்தாலியிலும் ரோமிலும் உள்ள ஆயர்கள் யாரோடு தொடர்பு வைத்திருக்கிறார்களோ அவர்களுக்கே வீடு என்று தீர்ப்புச் சொன்னார். சபைச் சொத்து வழக்கு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

இயேசுவுக்கு உடம்பே இல்லை என்று சொன்னவர்கள் யார்?

இவர்களைத் தோற்றவாதிகள் என்பார்கள். 'தோன்றுதல்' என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆட்கள் பலர், ஆனால் அவர்களின் அடிப்படை ஒன்று: கடவுள் பசிக்கவும் வியர்க்கவும் சாகவும் மாட்டார். ஆகவே இயேசு மனிதர்போலத் தெரிந்தார், அவ்வளவே. "மாம்சத்தில் வந்த இயேசுகிறிஸ்துவை" அறிக்கைபண்ணாத ஆவி தேவனால் உண்டானதல்ல என்று யோவானின் முதல் நிருபம் கறாராகச் சொல்வதால், புதிய ஏற்பாடு எழுதப்படும்போதே இது கிளம்பிவிட்டது என்று ஊகிக்கலாம்.

'யோவானின் நடபடிகள்' என்ற பழைய நூலில் யோவான் நினைவுகூர்வதாக ஒரு பகுதி வருகிறது. இயேசுவைத் தொட்டால் சில சமயம் கெட்டியான உடம்பு கையில் படும், சில சமயம் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். அவர் கண் இமைத்து யோவான் பார்த்ததே இல்லை. கூட நடந்துபோகும்போது மண்ணில் அவர் காலடி பதிகிறதா என்று யோவான் குனிந்து குனிந்து பார்ப்பாராம். ஒரு தடவையும் காணவில்லை. கொள்கையை விட்டுவிடுங்கள், எழுத்தாக இது எனக்கு மிகவும் பிடிக்கும். பிரியமான குருவின் பின்னால் போகிற ஒருவன் மண்ணையே பார்த்துக்கொண்டு நடக்கிறான்.

வாலண்டினஸ் இன்னொரு பெரிய பெயர். எகிப்திலிருந்து ரோமாபுரிக்கு வந்து போதித்தவர். அவருடைய ஆட்கள், குழாய் வழியாகத் தண்ணீர் போவதுபோல இயேசு மரியாள் வழியாக வந்தார், அவளிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றார்கள். வாலண்டினஸின் ஒரு கடிதத்திலிருந்து அலெக்சாந்திரியா கிளமெந்து எடுத்துக்காட்டும் வரி இன்னும் விசேஷம். இயேசு சாப்பிட்டார், குடித்தார், ஆனால் மலம் கழிக்கவில்லை, உணவு அவருக்குள் கெடவே இல்லை என்கிறது. சிரிப்பு வரலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், உடம்பு என்றால் என்ன என்ற கேள்வியைக் கடைசி வரை கொண்டுபோன நேர்மை அதில் இருக்கிறது. மரபு வழியைச் சேர்ந்த கிளமெந்துவே, இயேசுவுக்குச் சாப்பாடு தேவைப்படவில்லை, கூட இருப்பவர்கள் மாயை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் சாப்பிட்டார் என்கிறார். கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை.

இதை எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

பலர் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எனக்கு ஒரே ஒருவர் போதும். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் இக்னேசியஸ் என்ற ஆயரைப் பத்துப் படைவீரர் காவலில், சங்கிலி போட்டு, ரோமாபுரிக்குக் கொண்டுபோனார்கள். மிருகங்களுக்குப் போடுவதற்காக. போகிற வழியில் கடிதம் எழுதுகிறார். இயேசு மெய்யாகவே பிறந்தார், மெய்யாகவே உண்டார், குடித்தார், மெய்யாகவே பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார் என்று 'மெய்யாகவே' என்ற சொல்லை விடாமல் அடுக்குகிறார். பிறகு கேட்கிறார்: அவர் பாடுபட்டது வெறும் தோற்றம் என்றால் நான் ஏன் சங்கிலியில் கிடக்கிறேன்? மிருகங்களோடு போராட எதற்கு ஆசைப்படுகிறேன்?

தமிழில் மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. இக்னேசியஸுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் ஒரே சொல்லில் வாதத்தை முடித்திருப்பார்.

மார்சியன் என்ன சொன்னார்?

கருங்கடல் கரையில் சினோப்பே ஊர்க்காரர், கப்பல் வைத்திருந்தவர். 140 வாக்கில் ரோமாபுரிக்கு வந்து சபைக்கு 2,00,000 செஸ்தர்ஸ் (ரோமாபுரி நாணயம்) நன்கொடை கொடுத்தார். அவர் போதகம் பிடிக்காமல் 144இல் அவரை வெளியே அனுப்பினார்கள், பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பழைய ஏற்பாட்டின் கடவுள் நீதியின் கடவுள், இயேசுவின் தந்தை அதுவரை யாரும் அறியாத அன்பின் கடவுள், இரண்டு பேரும் வேறு என்பது அவர் கொள்கை. உலகத்தைப் படைத்தவர் முதல் கடவுள் என்பதால் இந்த உடம்பும் அவர் செய்த சரக்கு. இயேசு அதை ஏன் போட்டுக்கொள்ள வேண்டும்? மார்சியன் வைத்திருந்த சுவிசேஷம் லூக்காவைப் போன்றது. ஆனால் அதில் காபிரியேல் இல்லை, தொட்டில் இல்லை. திபேரியுவின் ஆட்சியில் பதினைந்தாம் வருஷம் இயேசு கப்பர்நகூமுக்கு இறங்கி வந்தார் என்று நேரே தொடங்கிவிடுகிறது. பிறக்கவே இல்லை.

சிலப்பதிகாரம் சிவனை 'பிறவா யாக்கைப் பெரியோன்' என்கிறது. மார்சியனின் இயேசுவுக்கும் இந்தச் சொல் அப்படியே பொருந்தும். சொல் பொருத்தம் மட்டும்தான், தொடர்பு கிடையாது. ஆனால் பிறவாதவரே பெரியவர் என்ற நினைப்பு நமக்கு அந்நியமானதல்ல என்பதால், தோற்றவாதிகளைப் புரிந்துகொள்வது தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் எளிது என்று நினைக்கிறேன்.

சிலுவையில் வேறொருவர் இறந்தார் என்று சொன்ன கிறிஸ்தவர்கள் உண்டா?

உண்டு. அலெக்சாந்திரியாவில் போதித்த பாசிலிடஸ் அப்படிச் சொன்னதாக இரேனியஸ் எழுதுகிறார். சிலுவையைச் சுமந்த சிரேனே ஊர் சீமோனின் உருவம் இயேசுவைப்போல மாறிவிட, சீமோனையே அறைந்துவிட்டார்கள், இயேசு பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார் என்று. பாசிலிடஸின் கருத்தை மற்றவர்கள் வேறு விதமாகவும் பதிவு செய்திருப்பதால் இதை முழுசாக அவர் தலையில் கட்ட வேண்டாம்.

பரிசுத்த ஆவியைத் தாய் என்று சொன்னார்களாமே?

எபிரெயத்திலும் சிரியாக் மொழியிலும் ஆவி பெண்பால் சொல். 'எபிரெயர் சுவிசேஷம்' என்ற நூலிலிருந்து ஒரிஜென் எடுத்துத் தரும் வரியில் இயேசு, "என் தாயான பரிசுத்த ஆவி என் தலைமயிர் ஒன்றைப் பிடித்து என்னைத் தாபோர் மலைக்குத் தூக்கிப்போனாள்" என்கிறார். ஒரே ஒரு மயிரைப் பிடித்து!

'பிலிப்பு நற்செய்தி' இதே இலக்கணத்தை வைத்து வாதம் பண்ணுகிறது. மரியாள் பரிசுத்த ஆவியால் கருத்தரித்தாள் என்கிறவர்கள் தவறுகிறார்கள், ஒரு பெண் எப்போது பெண்ணால் கருத்தரித்தாள் என்று கேட்கிறது. அதே நூலில் இன்னோர் இடம். தச்சன் யோசேப்பு தன் தொழிலுக்கு மரம் வேண்டும் என்று ஒரு தோட்டம் போட்டான். அவன் நட்ட மரத்திலிருந்து அவனே சிலுவையைச் செய்தான். அவன் வித்து அவன் நட்டதிலேயே தொங்கியது. மத்தேயுவிலும் லூக்காவிலும் யோசேப்பு பாதியில் காணாமல் போகிறார். இங்கே அவர் கையால் செய்த மரம் கடைசிக் காட்சி வரை வருகிறது.

குகையில் பிறந்தார், பிரசவ வலியே இல்லை என்பதெல்லாம் எங்கிருந்து வந்தது?

இரண்டாம் நூற்றாண்டின் 'யாக்கோபு முதல் நற்செய்தி'. மரியாளின் பெற்றோர் சுவக்கீன், அன்னம்மாள் என்ற பெயர்கள் வேதாகமத்தில் இல்லை, இந்த நூலிலிருந்துதான் வருகின்றன. கத்தோலிக்கத் திருச்சபை ஜூலை 26இல் அவர்களுக்கு விழா கொண்டாடுகிறது. நூல் வேதாகமத்துக்குள் நுழையவில்லை, கதை கோயிலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதில் யோசேப்பு வயதான விதவன். மரியாளைக் குகையில் விட்டுவிட்டு மருத்துவச்சியைத் தேடிப் போகிறார். திடீரென உலகம் நின்றுவிடுகிறது. பறவைகள் வானத்தில் அசையாமல் நிற்கின்றன. வேலையாட்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தில் கை வைத்தபடி, மெல்லாமல், மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆடுகளை ஓட்டக் கோலை ஓங்கிய மேய்ப்பனின் கை ஓங்கியபடியே நிற்கிறது. அப்புறம் ஒரு நொடியில் எல்லாம் பழையபடி நகர்கின்றன.

'ஏசாயாவின் ஏற்றம்' என்ற நூலில் பிறப்பு இன்னும் விசித்திரம். மரியாளும் யோசேப்பும் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். மரியாள் திரும்பிப் பார்க்கிறாள், ஒரு சின்னக் குழந்தை இருக்கிறது. அவளே திகைத்துப்போகிறாள்.

இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?

பெரும்பாலும் எதிரிகள் எழுதியதிலிருந்து. எதிர்க்கட்சித் துண்டறிக்கையை மட்டும் படித்து ஒரு கட்சியைப் பற்றி எழுதுவது போன்ற நிலைமை. 1945 டிசம்பரில் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே ஒரு ஜாடியிலிருந்து காப்டிக் மொழிச் சுவடிகள் கிடைத்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. பிலிப்பு நற்செய்தி அதில்தான் இருந்தது. கண்டெடுத்தவரின் தாய் சில ஏடுகளை அடுப்பெரிக்கப் போட்டுவிட்டார் என்று ஒரு கதை உண்டு.

நிசேயா சங்கத்தில் ஓட்டெடுத்து இயேசுவைக் கடவுளாக்கினார்கள் என்கிறார்களே?

சமூக ஊடகத்தில் வருஷா வருஷம் சுற்றும் சரக்கு இது. 325இல் ஆயர்கள் கூடிய அந்தச் சங்கத்தில் நடந்த சண்டை ஆரியுஸ் என்ற அலெக்சாந்திரியா மூப்பர் சம்பந்தப்பட்டது. குமாரன் படைக்கப்பட்டவரா, தந்தையோடு ஒரே பொருளானவரா என்பது கேள்வி. ஆரியுஸே குமாரனைக் கடவுள் என்று அழைத்தவர்தான். எந்தெந்த நூல்கள் வேதாகமம் என்று அங்கே முடிவு செய்யவும் இல்லை. ஒரு தகவல்: 325இல் எழுதிய பிரமாணத்தில் மரியாளின் பெயர் கிடையாது. 381இல் கான்ஸ்தாந்திநோபிள் சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வடிவத்தில்தான் "கன்னிமரியாள்" வருகிறாள்.

நம் பக்கத்துக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு?

நேரான தொடர்பு பிந்தைய சண்டை ஒன்றில் இருக்கிறது. மரியாளைக் 'கடவுளின் தாய்' என்பதை விட 'கிறிஸ்துவின் தாய்' என்பதே சரி என்ற கான்ஸ்தாந்திநோபிள் ஆயர் நெஸ்தோரியுஸை 431இல் எபேசு சங்கம் நீக்கியது. பாரசீகத்துக் கிழக்குச் சபை அந்தச் சங்கத்தை ஏற்கவில்லை. கேரளத்து மார்த்தோமாக் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகள் அந்தச் சபையோடுதான் உறவில் இருந்தார்கள். சென்னைப் பரங்கிமலையில் 1547இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த பகலவி எழுத்துச் சிலுவை அந்தப் பாரசீகத் தொடர்பின் அடையாளம். 1599இல் உதயம்பேரூரில் கூடிய சங்கம் மலபார்ச் சபைகளிடம் இருந்த சிரியாக் நூல்கள் பலவற்றைத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் இயேசுவின் குழந்தைப் பருவக் கதை நூலும் ஒன்று.

மார்சியன்காரர்கள் எப்போது ஒழிந்தார்கள்?

சட்டென்று ஒழியவில்லை. தமஸ்குவுக்குத் தெற்கே லெபாபா என்ற சிற்றூரில் அவர்களுடைய கூடம் ஒன்றின் வாசல் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதில் உள்ள ஆண்டு நம் கணக்குப்படி 318-319. ஆண்டோடு கிடைத்த கிறிஸ்தவக் கட்டடக் கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. லெபாபா ஊர் மார்சியன்காரர்களின் கூடம், பவுல் என்ற மூப்பரின் முயற்சியால் கட்டப்பட்டது என்கிறது. இயேசுவின் பெயருக்குப் பின்னால் 'கிறிஸ்தோஸ்' என்று வெட்டாமல் 'கிரேஸ்தோஸ்' என்று வெட்டியிருக்கிறார்கள். முன்னது அபிஷேகம் பெற்றவர். பின்னது நல்லவர்.